நாற்பத்தொரு பொம்மைகளுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று காலை பதினொன்று இருபதுக்குச் சந்தனக் கிண்ணத்தோடு என் மகளின் அறைக்குள் போனேன். எங்கள் வீட்டில் எல்லாம் கெட ஆரம்பித்த நேரம் அதுதான். கூடத்துச் சுவர்க் கடிகாரத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு அப்போதுதான் ஸ்டூலிலிருந்து இறங்கியிருந்தேன். அதனால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது.

அதற்குள் அடுப்பு, மிக்ஸி, ஃப்ரிட்ஜ், தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, என் ஆபீஸ் பை எல்லாவற்றுக்கும் வைத்தாகிவிட்டது. கணவர் வீட்டில் இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி அவருக்கு டயர் கடை. லாரிக்காரர்கள் வருவதற்குள் கடையைக் கழுவிப் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்று விடியும்போதே கிளம்பிவிட்டார். அவரோடு பைக்கில் எங்கள் மகளும் போயிருந்தாள்.

எங்களுக்கு அதுதான் அன்றைய பண்டிகை. அவள் சென்னையில் வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு எங்களிடம் வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. பாண்டிச்சேரியில் டாக்டரைப் பார்க்கப் போவதைத் தவிர அவள் வாசற்படி இறங்கியதில்லை. முந்தின நாள் சாப்பிடும்போது அவளாகவே, "அப்பா, நானும் கடைக்கு வரட்டா?" என்று கேட்டாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "வாயேன். பொரிப் பொட்லம் கட்ட ஆள் வேணும்" என்றார். தலையைத் தூக்கியிருந்தால் அழுதிருப்பார்.

சென்னையிலிருந்து வந்தபோது அவள் இரண்டு பெட்டி கொண்டு வந்தாள். சின்னதில் துணி. பெரியதில் பொம்மைகள், நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் பழைய பனியன் துணியில் சுற்றியிருந்தாள். வந்த முதல் வாரம் எங்களோடு அவள் பேசியது பத்து வார்த்தை இருக்காது. ஆனால் அலமாரியைக் காலி செய்து, தட்டுகளை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, அவற்றை அடுக்குவதற்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள்.

"கலெக்டர்னா ஜில்லா கலெக்டர் ஆவும்னு நெனச்சேன். இது பொம்மைக் கலெக்டரு" என்று கணவர் என்னிடம் மட்டும் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

அவை குழந்தைகள் விளையாடுகிற பொம்மைகள் இல்லை. டிசைனர் டாய் என்கிறார்கள். ஓவியர் ஒருவர் மனதில் தோன்றியதை வரைந்து, அச்செடுத்து, இத்தனைதான் என்று எண்ணி வெளியிடுவார். பிறகு அச்சை எடுத்து வைத்துவிடுவார்கள். ரப்பர் போல் மெத்தென்று இருப்பவை வினைல். கல்லைப் போல் கனப்பவை ரெசின். இதெல்லாம் ஒவ்வொன்றாக நான் படித்துத் தெரிந்துகொண்டது. மகளோடு பேசுவதற்கு எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

முதல் பேச்சு, மழைக்கோட்டு போட்ட கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் இருந்த பொம்மையால் வந்தது. கன்றுக்குட்டிக்கு மஞ்சள் கோட்டு, கொட்டாவி விடுகிற வாய், முன்னங்காலில் ஒரு குடை. மகளுக்குப் பிடித்தவற்றில் அது ஒன்று. அதன் பக்கத்தில் நத்தை ஓட்டுக்குள் பாதி நுழைந்து தூங்குகிற ஒரு பெண் இருந்தாள். அந்தப் பொம்மைக்கு வாயே வைக்கவில்லை. டீ கொடுக்கப் போனவள், "இதுக்கு ஏன்டி வாய் இல்ல?" என்று கேட்டேன். பதில் வராது என்று திரும்பி நடந்துவிட்டேன். பின்னாலிருந்து, "எல்லாத்துக்கும் வாய் இருக்கணுமாம்மா?" என்று குரல் வந்தது. சமையலறையில் வந்து அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுத்தாள். தொடுவதற்கு முன் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். தூசியை மேக்கப் பிரஷ்ஷால் தட்ட வேண்டும், துணியால் தேய்க்கக் கூடாது. வெயில் படக் கூடாது. அட்டைப்பெட்டிகளை எறியக் கூடாது; மேல் முத்திரை கிழியாமல் அடிப்பக்கத்தில் பிளேடு போட்டுத் திறந்து, மடித்துக் கட்டிலுக்கடியில் வைக்க வேண்டும். சனிக்கிழமைகளில் ஒரு தட்டில் இருப்பதை இன்னொரு தட்டுக்கு மாற்றுவாள். "ஒரே எடத்துல நின்னுக்கினு இருந்தா அதுங்களுக்கும் போர் அடிக்கும்ல?" என்பாள். அப்போது மட்டும் பழைய மாதிரி இருப்பாள்.

சில பொம்மைகள் மூடிய பெட்டியில் வரும். ஒரு வரிசையில் பன்னிரண்டு. எந்தப் பெட்டியில் எது என்று வெளியே எழுதியிருக்காது. காதோரம் குலுக்கிப் பார்ப்பாள். எடையை வைத்தும் கண்டுபிடிக்கலாமாம். ஒருமுறை அப்படி ஒரு பெட்டியை நான் கைப்பைக்குள் வைத்து, வழக்கமாக நகை வாங்குகிற கடைக்கு எடுத்துப் போனேன்.

"இன்னா மேடம், பழசு மாத்தணுமா?"

"இல்லண்ணே, இத கொஞ்சம் எட போட்டுச் சொல்லணும்."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள இன்னா இருக்குது?"

"அது தெரியாமதான் வந்திருக்கேன்."

"பேஜாரா பூடப் போவுது மேடம். வெடிக்காதே?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசில் வைத்தார். கிராமுக்குக் கீழே மூன்று இலக்கம் வரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிப் பார்த்து, கம்ப்யூட்டரில் ஏதோ பட்டியலோடு ஒத்துப்பார்த்து, இதுதான் என்று என் மகள் சொன்னாள். பிரித்தால் வேறு ஏதோ வந்தது, அதுவும் ஏற்கனவே இருந்தது. அவள் சிரித்துவிட்டாள். ஊருக்கு வந்தபிறகு முதல் சிரிப்பு. இரண்டாவதாக வந்ததைப் பிறகு இணையத்தில் பழகிய யாருக்கோ பார்சலில் அனுப்பிவிட்டாள்.

எல்லாவற்றிலும் அவளுக்கு உயிர் ஒரே ஒரு பொம்மைதான். பாண்டிச்சேரிப் பக்கம் இரும்பை கிராமத்தில் குடியிருக்கும் ஓர் ஓவியப் பெண் கையால் செய்த ரெசின் பொம்மை. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. சப்பி எறிந்த பனங்கொட்டை போலத் தலை, நார் நாராக முகத்தில் விழும் முடி, மூடிய கண்கள். வார்னிஷ் அடிக்காத சொரசொரப்பு. வேலையில் இருந்தபோது ஒரு விடுமுறை நாளில் இரும்பைக்கே போய் வாங்கி வந்தது. "சென்னையில ரொம்ப மோசமா இருந்தப்ப இத கைல புடிச்சிக்கினுதான் தூங்குவேன்" என்று ஒருநாள் சொன்னாள். என்ன மோசம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இதையும் சொல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம்.

இத்தனையும் தெரிந்த நான்தான் அன்று சந்தனக் கிண்ணத்தோடு போனேன். அவள் வெளியே கிளம்பிய சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அவர் பிழைப்புக்கு ஜாக்கி, ஸ்பேனர். எனக்கு ஃபைல், பேனா. இவள் இந்தப் பத்து மாதத்தைத் தாண்டியது எதை வைத்து? அவற்றுக்கும் வைக்கத்தானே வேண்டும்? கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். பன்னீரில் குழைத்த சந்தனம், மேலே குங்குமம். நாற்பத்தொன்றுக்கும் நெற்றியில் வைத்தேன். நெற்றி இல்லாதவற்றுக்கு வயிற்றில் வைத்தேன். கற்பூரம் காட்டி, இவள் இப்படியே வெளியே போய்வந்து இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒன்றரைக்கு வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. கையில் பொரியும் பொட்டுக்கடலையும். "ஒரு லாரிக்காரர் என்னை ஓனரம்மானு கூப்பிட்டாரும்மா" என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் போனாள்.

அவளுக்குத் தட்டு போட்டுவிட்டுக் கூப்பிடப் போனேன்.

நான் எட்டிப் பார்த்தபோது கன்றுக்குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரலால் துடைத்திருந்தாள். சந்தனம் வந்துவிட்டது, குங்குமம் இருந்த இடம் ரோஸ் நிறத்தில் அப்படியே வினைலுக்குள் இறங்கியிருந்தது. "கறை உள்ள போயிடும்மா. சொல்லியிருக்கேனே" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் நிதானமாக இருந்திருப்பேன்.

"இரு இரு, எடுத்துர்றேன்" என்று நெயில் பாலிஷ் எடுக்கிற திரவத்தையும் பஞ்சையும் கொண்டுவந்தேன். "வேணாம்மா, வேணாம், தொடாத" என்று அவள் கையை நீட்டுவதற்குள் பனங்கொட்டைத் தலையை எடுத்து அழுத்தித் தேய்த்துவிட்டேன். குங்குமம் கொஞ்சம் வந்தது. அதோடு மூடியிருந்த கண் இரண்டும் பஞ்சில் வந்துவிட்டன.

அவள் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை. பயத்தில் வாயில் வந்துவிட்டது.

"பொம்மதானடி. வேற வாங்கிக்கலாம்."

பத்து மாதமாக, உறவுக்காரர்கள் யார் வந்தாலும் இந்த வார்த்தையை அவள் காதுபடச் சொல்லிவிடக் கூடாதென்று முன்கூட்டியே போன் போட்டுக் கெஞ்சியவள் நான். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ நெஜமாவே கத்துக்கினனு நெனச்சேன்" என்றாள். பிறகு மெதுவாக, என் தோளைத் தொட்டு அறைக்கு வெளியே நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நான்கு நாள் அந்தக் கதவுக்கு வெளியே தட்டு வைத்தேன். பாதி சாப்பிட்ட தட்டு திரும்ப வந்தது. "வுடு, தானா சரியாவும்" என்றார் கணவர். ஐந்தாம் நாள் லீவு நீட்டிக்க முடியாமல் விழுப்புரத்துக்கு ஆபீஸ் போனேன். அவர் மதியம் சாப்பாட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவர் வந்தபோது அறை திறந்து கிடந்தது. தோள்பையும் நான்கு துணியும் இல்லை. மாத்திரை அட்டைகளும் இல்லை. மாத்திரையை எடுத்துப் போனதை நல்லதாக எடுத்துக்கொள்வதா, கெட்டதாக எடுத்துக்கொள்வதா? அவர் போனில் சொன்னதும் கிளம்பி, ரயிலில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். போன் மேஜைமேல் இருந்தது. நாற்பத்தொரு பொம்மைகளும் அலமாரியில் இருந்தன, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி.

பனங்கொட்டைத் தலையைக்கூட அவள் எடுத்துப் போகவில்லை. அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது.

காவல் நிலையத்தில் ஒரு பெண் போலீஸ் பொறுமையாகவே கேட்டார். "ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும்? பேரு, ஊரு சொல்லுங்கம்மா."

எனக்குத் தெரியவில்லை. பொம்மை சேர்க்கிறவர்கள் இணையத்தில் ஒரு குழுவாக இருக்கிறார்கள், அதில் ராத்திரி பகல் பேசிக்கொள்வாள் என்பது மட்டும் தெரியும். அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. போன் திறக்க நம்பரும் தெரியாது. இரண்டிரண்டாக இருப்பதை மாற்றிக்கொள்வார்கள் என்றேன். எதை என்று கேட்டார். நான் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். எந்த ஓவியர், எந்த வரிசை, எதன் எடை எவ்வளவு. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "பொம்மைங்கள இவ்ளோ தெரிஞ்சி வச்சிருக்கீங்களேம்மா" என்றார். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் பைக்கில் திண்டிவனம், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுகளில், ரயில் நிலையங்களில், பாண்டிச்சேரி கடற்கரையில் தேடினார். ஏரிக்கரைகளுக்கும் போனார் என்று அவர் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 

வீட்டில் யாராவது இருக்க வேண்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போனார். சும்மா இருக்க முடியவில்லை. வினைலில் ஏறிய கறைக்குப் பருவுக்குப் போடுகிற க்ரீமைத் தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் வீடியோவில் காட்டினார். மருந்துக்கடையில் எட்டு ட்யூப் கேட்டேன். "யாருக்கும்மா இவ்ளோ?" என்றார் கடைக்காரர். பணத்தைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன்.

மொட்டைமாடியில் பிளாஸ்டிக் தாள் சுற்றி வரிசையாக வைத்தேன். வெயில் படக் கூடாது என்று சொன்னவளின் பொம்மைகள். குங்குமக் கறை லேசாக வெளுத்தது. கூடவே கன்றுக்குட்டியின் மஞ்சள் கோட்டும் வெளுத்தது. பனங்கொட்டைத் தலையைக் கீழேயே விட்டுவிட்டேன். ரெசினுக்கு எந்த வீடியோவிலும் வழி சொல்லவில்லை. இத்தனைக்குப் பிறகும் என் கை ஓயாமல் அவள் பொருளின்மேலேயே இருக்கிறதே என்று தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தால்தான் ஏரியை நினைக்காமல் இருக்க முடிந்தது.

அவள் போன மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு இருக்கும். கீழே கேட் சத்தம். மாடியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு பெண் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சிலுவை டாலர், காலில் நர்ஸ்கள் போடும் வெள்ளை ஷூ. என் கையெல்லாம் க்ரீம் அப்பியிருப்பதைப் பார்த்தாள். அது எதற்கென்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது; முகத்தில் தெரிந்தது.

"நான் விழுப்புரத்துலேர்ந்து வர்றேங்க. நானும் பொம்ம சேர்க்கறவதான், ரெண்டு வருஷமா உங்க பொண்ணோட பேசிக்கினு இருக்கேன்."

 இருக்கிறாளா என்று கேட்பதற்குப் பதில் உள்ளே கூப்பிட்டேன், தண்ணீர் வேண்டுமா என்றேன். அவள் உள்ளே வரவில்லை, தண்ணீர் வேண்டாம் என்று தலையசைத்தாள். ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள் போலச் சொன்னாள்.

"எங்க வூட்லதான் இருக்குதுக்கா. மாத்திரை போடுது, ரெண்டு வேள சாப்புடுது. நான் இங்க வந்தது அதுக்குத் தெரியாது. தெரிஞ்சா அங்கேர்ந்தும் பூடும். அதனால பின்னாடியே வராதீங்க, அட்ரஸ் கேக்காதீங்க. ஸ்டேஷன்ல நானே போய்ச் சொல்லிட்டுப் போறேன். உயிரோட இருக்குதுனு உங்களுக்குத் தெரியட்டும்னு மட்டும்தான் வந்தேன். எப்ப வரும்னு கேக்காதீங்கக்கா. திரும்பி வர்றேன்னு அது சொல்லவே இல்ல."