வெண்டைக்காய் கழுவிய தண்ணீர்

கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்தபோது நான் விலங்கியலில் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் காய்கறிக் கடையில் அந்தப் படிப்புக்கு ஒரு வேலையும் இல்லை. கணவர் விடியற்காலையில் போய்ச் சாக்குகளை இறக்குவார். நான் வீட்டு வேலையை முடித்துவிட்டு எட்டு மணிக்குப் போவேன். அங்கே காய்களைப் பொறுக்கித் தரம் பிரிக்க ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கணவன் நூல் ஆலைகளுக்கு லோடு ஏற்றி இறக்குகிறவன். இரண்டு பெண் பிள்ளைகள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும் அவளுக்கு. பூச்சி துளைத்த காயைக் கண்ணால் பார்க்கக்கூட மாட்டாள், விரலால் தடவியே எடுத்து வீசிவிடுவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஆவணி மாதம். ஒரு நாள் காலையில் அவள் சாப்பிடாமல் வந்திருந்தாள். வெண்டைக்காய்ச் சாக்கைப் பிரித்ததும் பிஞ்சாகப் பார்த்து ஏழெட்டை எடுத்து, முந்தானையில் துடைத்துப் பச்சையாகவே தின்றாள். "பசிக்குதுக்கா. அடுப்பப் பத்தவைக்கக்கூட நேரமில்ல" என்று எனக்கும் ஒன்றை நீட்டினாள். வேண்டாம் என்றேன். பச்சை வெண்டைக்காயின் கொழகொழப்பு எனக்குப் பிடிக்காது. நான் தப்பியதற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஒரு மணி நேரத்தில் அவளுக்கு வேர்த்து ஊற்றியது. வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வடிந்தது. வாந்தி எடுத்தாள். "கண்ணு மங்குதுக்கா" என்று சொன்னபடியே சாக்கின் மேல் சரிந்தாள். நானும் கணவரும் அவளை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணின் பாப்பா குண்டூசித் தலையளவு சுருங்கியிருந்தது.

"எந்த மருந்தக் குடிச்சா?" என்று எங்களைக் கேட்டார்.

எங்கள் பக்கம் பூச்சிக்கொல்லிக்கு மருந்து என்றுதான் பெயர். பருத்திக்காட்டில் அடிப்பதும் அதுதான், மனம் வெறுத்தவர்கள் குடிப்பதும் அதுதான். அப்படி வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உடனே ஊசி போட்டு அவளைக் காப்பாற்றியவர் அவர். ஆனால் அவர் கேட்ட கேள்வி ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போய்விட்டது. மத்தியானத்துக்குள் அவளுடைய தெரு முழுக்க 'மருந்தக் குடிச்சிட்டாளாம்' என்று ஆகிவிட்டது. ஏன் குடித்தாள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒன்றுகூட நல்லதாக இல்லை.

அவள் கணவன் ஓடி வந்தான். "ரெண்டு பொட்டப் பிள்ளைகள விட்டுட்டுப் போகப் பாத்தியே, நான் உன்னய என்ன செஞ்சேன்?" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளுக்கு நாக்கு புரளவில்லை. தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள்.

"அவ வெண்டைக்காயத்தான் தின்னா. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றேன்.

"வெண்டைக்காயத் தின்னா இப்பிடி ஆகுமாக்கா? ஊரே திங்குதே" என்றான்.

அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. கல்லூரியில் படித்த ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காயில் தங்கிய மருந்தைக் கண்டுபிடிக்க எங்கள் ஆய்வகத்தில் காயை அரைத்து, மூக்கைத் துளைக்கும் கரைப்பான்களைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவோம். மிச்சத்தைக் கழிவுத் தொட்டியில் கொட்டுவோம். அது வெளியே போய் விழுந்த இடத்தில் புல்கூட முளைக்காது. நஞ்சைத் தேடுவதற்கே இவ்வளவு நஞ்சா என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். ஆனால் ஒரே ஒரு செய்முறை வகுப்பில் மட்டும் கரைப்பானே இல்லாமல், தண்ணீரையும் கொசுப்புழுக்களையும் வைத்துச் சோதித்தோம். நஞ்சு இருந்தால் புழு தாங்காது. என்ன நஞ்சு, எவ்வளவு என்று சொல்லாது, ஆனால் இருக்கிறது என்று சொல்லிவிடும்.

கடைக்குத் திரும்பினேன். அந்தச் சாக்கின் அடியில் கொஞ்சம் காய் மிச்சம் இருந்தது. சாக்கோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெண்டைக்காயை நறுக்கினால் கொழகொழப்பிலேயே புழு சிக்கிச் செத்துவிடும். அதனால் முழுக் காயாகவே கொஞ்சம் கிணற்றுத் தண்ணீரில் போட்டு அலசி, துணியில் வடிகட்டி ஒரு பாட்டிலில் ஊற்றினேன். கொல்லையில் நானே வளர்த்த, மருந்து படாத வெண்டைக்காயையும் அதேபோல அலசி இன்னொரு பாட்டிலில் ஊற்றினேன். மூன்றாவதில் வெறும் தண்ணீர். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துத் தொட்டியிலிருந்து பத்துப் பத்துப் புழுக்களாகப் பிடித்து மூன்றிலும் விட்டேன்.

இரண்டு பாட்டில்களில் புழுக்கள் எப்போதும்போல மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு கீழே போயின. சாக்கிலிருந்த காயின் பாட்டிலில் முதலில் வெட்டி வெட்டி இழுத்தன. பிறகு மேலே வர முடியாமல் பாதியிலேயே இறங்கின. வெயில் தாழ்வதற்குள் பத்தும் அடியில் கிடந்தன.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும், அது உண்மை. காயைக் கொட்டிவிட்டுச் சாக்கை மடிக்கும்போதுதான் அதன் வாயில் தொங்கிய பனைநாரைப் பார்த்தேன். எங்கள் கடைக்குக் காய் போடுகிறவர்கள் எல்லோரும் சணலால்தான் கட்டுவார்கள். பனைநாரால் கட்டுகிறவர் ஒரே ஒருவர். திருச்சுழிப் பக்கம் கிணற்றுத் தோட்டம் வைத்திருந்த என் அண்ணன்.

மறுநாள் காலையில் பாட்டில்களை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். அவள் கணவன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிறகு அவள் காலருகே உட்கார்ந்துவிட்டான். "தப்பா நெனச்சிட்டேன்" என்றான். அதற்குப் பிறகு என்னிடம் திரும்பி, "இது யாரு தோட்டத்துக் காயிக்கா?" என்று கேட்டான்.

"பல ஊர்ல இருந்து வருது. தெரியலப்பா" என்றேன்.

கட்டிலில் படுத்திருந்தவள் என்னைப் பார்த்தாள். சாக்கின் பனைநார்க் கட்டை அவிழ்த்தது அவள்தான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தியான பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மறைக்கவில்லை. பருத்திக்கு வாங்கியதில் மிஞ்சியதைக் காலையில் அடித்து, சாயங்காலம் பறித்திருக்கிறார்.

"தின்கிற காய்ல அடிச்சு அன்னைக்கே பறிக்கலாமாண்ணே?"

"நீயா கேக்குற? காய்ல ஒரு ஓட்டை இருந்தா மாப்பிள்ளை எடுப்பாகளா? ஒங்க கடையிலதான பொறுக்கிப் பொறுக்கி வீசுறீக? வீசுனத நான் திரும்பத் தூக்கிட்டு வாரேன், தெரியும்ல?" என்று சத்தம் போட்டார். கொஞ்சம் கழித்துக் குரல் இறங்கியது. "அந்தப் பிள்ளைக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

"பொழச்சுக்கிருச்சு."

"போலீஸுல சொல்லப் போறியா?"

"இல்ல" என்றேன். இனிமேல் மருந்து அடித்துப் பத்து நாள் கழித்துத்தான் பறிப்பேன் என்று அவர் சொன்னார். நான் நம்பிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவள் தேறி வந்தாள், ஆனால் கடைக்கு வரவில்லை. நூல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஒரு நாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டபோது, "எனக்கு எல்லாம் தெரியும்க்கா. நீங்களே சொல்லுவீகன்னு பாத்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றே அவள் வீட்டுக்குப் போய், அவள் கணவனிடம் என் அண்ணன் பெயரைச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டான். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னான். தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் கடையின் பின்கட்டில் வரிசையாகப் பாட்டில் வைத்து வருகிற காய்களைச் சோதித்தேன். சோதித்த தண்ணீரைக் கிணற்றுக்குத் தூரமாகக் குழி வெட்டி ஊற்றினேன். "காய்கறிக் கடையில கொசு வளக்குறாக" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். கணவர் பொறுத்துக்கொண்டார். புழு செத்த சாக்குகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். அண்ணன் எங்களுக்கு அனுப்பிய காயில் அங்கங்கே ஓட்டை இருந்தது, ஆனால் அதை அலசிய தண்ணீரில் புழுக்கள் உயிரோடுதான் இருந்தன. திருப்பி அனுப்பியவை எங்கே போயின என்று நான் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து மதுரைக்குப் போகும்போது பஸ் காரியாபட்டியில் நின்றது. ஜன்னல் வழியே சந்தையைப் பார்த்தேன். அண்ணன் வெண்டைக்காயைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காயில்கூட ஓட்டை இல்லை. என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டார். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி குனிந்து, நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்துப் பிஞ்சுகளாகக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். இறங்க வேண்டும் என்று எழுந்தேன். கண்டக்டர் விசில் அடித்தார். நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.