தலைகீழ் வீட்டில் ஒரு கட்டில்

அன்று அங்கே இருந்தவர்கள்: நான், என் தங்கையின் கணவன், வாசலில் டிக்கெட் கிழிக்கிற அம்மா. இன்னும் ஒருவர். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். உங்களை நம்பவைக்க எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. சம்பளம் தந்த ராத்திரி வேலையையே உதறிவிட்டு வந்தவன் நான்.

என் தங்கையின் கணவன் பள்ளியில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. அப்போதே ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டு அதை உண்மையாக்கிவிட்டான். வேலையை விட்டதிலிருந்து எனக்கு அவர்கள் வீட்டு சோபாவில்தான் படுக்கை. தங்கை மாசமாக இருந்தாள். சோபா இருக்கிற இடத்துக்குத் தொட்டில் வரவேண்டும். சோபாவில் கிடப்பவன் எங்கே போவான் என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காரில் சும்மா ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றான் மச்சான். சும்மா பெட்ரோல் போடுகிற ஆள் இல்லை அவன். என்னைக் கிளப்பிவிடச் சொல்லித் தங்கை அனுப்பியிருக்கிறாள். அதை எங்கே வைத்துச் சொல்வது என்று தெரியாமல், வழியில் இருந்த கோமாளித்தனங்களை எல்லாம் எனக்குச் சுற்றிக் காட்டினான்.

முதலில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பல் துலக்குகிற பிரஷ். ஊரே கூடி கான்கிரீட்டில் கட்டியிருந்தது. அந்த ஊரில் ஒரு கழிப்பறை இல்லை. அடுத்தது பொத்தான் அருங்காட்சியகம். ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர், எந்தப் பொத்தான் எந்தச் சட்டையிலிருந்து அறுந்தது என்று விளக்கிக்கொண்டே வந்தார். என் மச்சான் வாயைப் பிளந்து கேட்டான். பொத்தான் போன சட்டைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். தையல்காரரின் முகம் சுண்டிவிட்டது.

ஒவ்வோர் இடத்திலும் "மச்சான், ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பான். நான் திரும்பிப் பார்த்தால், பிரஷ் எவ்வளவு உயரம் என்பான்.

நல்ல வெயில் ஏறியபோது தலைகீழ் வீட்டுக்கு வந்தோம். கூரை தரையில், தரை தலைக்கு மேலே. இதைப் பார்க்கவும் காசு கொடுத்து வருகிறார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போகச் சொன்னாள் டிக்கெட் அம்மா. நாம் நடப்பது கூரை அல்லவா, வெள்ளையில் அழுக்குப் பட்டால் மாயம் கலைந்துவிடுமாம்.

கூடத்தில் மின்விசிறி தரையிலிருந்து செடி மாதிரி முளைத்திருந்தது. மேலே சாப்பாட்டு மேசை, நாற்காலிகள், தட்டுகள். எல்லாம் திருகாணியும் பசையும். மேசைவிரிப்பின் ஓரம் பசை விட்டுப்போய் எங்கள் பக்கம் தொங்கியது. அதைக் காட்டிச் சிரித்தேன்.

சமையலறையிலும் அதே கூத்துதான். அங்கே நிற்கும்போதுதான் அந்தச் சத்தம்.

தொப்... தொப்...

மேலே யாரோ வெறுங்காலோடு நடக்கிற சத்தம். மாடியில் ஆள் இருக்கிறது என்றான் மச்சான்.

அந்த வீட்டுக்கு மாடி இல்லை.

சத்தம் எங்கள் தலைக்கு மேலே வந்தது. கடந்தது. அடுத்த அறைக்குள் போனது. கட்டில் ஒன்று கிறீச்சென்றது. பிறகு ஒன்றுமில்லை.

அடுத்த அறை படுக்கையறை. உள்ளே வெயில் நன்றாக விழுந்திருந்தது. மேலே இரட்டைக் கட்டில். தலையணைகள். கட்டில் முழுக்க ஒரு போர்வை. அந்த இடத்திலாவது நான் திரும்பியிருக்க வேண்டும். மச்சான் விடவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு சொல்லிவிட்டான்.

"மச்சான், நீ வேற இடம் பாத்துக்க. இனிமே வீட்ல உனக்கு இடம் இல்ல."

நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் போர்வையின் ஓரம் எங்கள் பக்கம் தொங்கவில்லை. மேல்நோக்கித் தொங்கியது. தலைக்கு மேலே இருந்த தரையை நோக்கி.

போர்வைக்குள் ஓர் உடம்பு இருந்தது.

அது அசைந்தது...

மெதுவாகச் சுவர்ப்பக்கம் ஒதுங்கியது. இன்னொரு ஆள் படுக்கிற அளவுக்கு. பிறகு ஒரு கை வெளியே வந்தது. காலியான பாதியை, இங்கே வந்து படு என்பதுபோல் தட்டியது.

டப்... டப்...

மச்சானும் பார்த்துவிட்டான். ஓடினோம்.

வாசலில் டிக்கெட் அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். படுக்கையறைக் கட்டிலில் யார் என்று கேட்டேன்.

"படுக்கையறையா? அங்க இன்னும் ஒண்ணும் மாட்டலையே தம்பி. வெறும் ரூமு."

நம்பவில்லை என்றதும் எழுந்து வந்து காட்டினாள். வெறும் அறைதான். மேலே ஒரு திருகாணி ஓட்டைகூட இல்லை. அவள் அலுத்துக்கொண்டாள். போன மாதமும் ஒருவர் இதே கட்டிலைக் கேட்டாராம். மறுநாள் பெட்டியோடு தனியாக வந்தாராம். இது லாட்ஜ் இல்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போயிருக்கிறார்.

"அப்புறம்?"

"வெளிய வந்ததை நான் பாக்கல. செருப்பு மட்டும் இங்கயே கெடக்குது."

திரும்பும் வழியில் அவன் எங்கேயும் காரை நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் என் பெட்டி தயாராக இருந்தது. தங்கை உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "சொல்லிட்டீங்களா?" என்றாள் அவனிடம்.

நான் பெட்டியை எடுத்தேன். கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்டான் மச்சான். எனக்கு இடம் இருக்கிறது என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, தானாக வாயில் வந்தது.

அவன் முகம் வெளுத்தது. என் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கினான். என் சட்டையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தான். தொட்டிலை என்ன செய்வது என்று தங்கை கேட்டாள்.

"நம்ம ரூம்ல போடு. இவன் எங்கயும் போகக் கூடாது."

பாசம் ஒன்றும் இல்லை. பயம். பாசத்தைவிட அது உறுதியாகப் பிடிக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினான். மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள். பூட்டி, சாவியை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.