ஏழாவது தண்ணீர்

அடுப்படியிலிருந்து சொம்புத் தண்ணீர் ரசச் சட்டிக்குள் விழும் சத்தம் கேட்டது. பின்கட்டில் கடற்பாசியைக் கசக்கிக்கொண்டிருந்த குள்ளம்மாளின் கை நின்றது. கணவர் மாது வாயைத் திறக்காமல், உப்புக் கூடிப்போன ரசத்தை விளாவுகிறார். இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

பாப்பிரெட்டிப்பட்டியில் தக்காளி நாற்று வளர்த்து விற்கும் குள்ளம்மாளுக்கு நாற்பத்தொன்பது வயது. ராமநாதபுரத்துக் கரையிலிருந்து மூட்டையாக வரும் காய்ந்த பாசியை ஊறவைத்து, அலசி, உலர்த்தி, இடித்து, தேங்காய் நார்த்தூளோடு கலந்து குழித்தட்டுகளில் நிரப்புவார். அந்தக் கலவையில் வேர் வெள்ளை வெளேரென்று இறங்கும். பாசியில் உப்பு தங்கிவிட்டாலோ நாற்று கருகிப்போகும். அதற்காகத்தான் ஏழு தண்ணீர் மாற்றி அலசுவது. ஏழாவது தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைப்பார். கரித்தால் எட்டாவது. உப்பு பார்க்கும் கருவி வாங்கச் சொன்னவர்களிடம், "மெசின் எதுக்குங்க, எந் நாக்கு இருக்குது" என்பார். கடலை அவர் பார்த்ததில்லை. ருசி மட்டும்தான் தெரியும்.

போன மாதம் வந்த காய்ச்சல் அந்த ருசியைக் கொண்டுபோய்விட்டது. நாலு நாளில் திரும்பிவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. எழுந்த பிறகும் உடம்பில் தெம்பில்லை. இடுப்பு விட்டுப்போகும் அலுப்பில் நான்காவது தண்ணீரையே நாக்கில் வைத்தார். கரிக்கவில்லை. போதும் என்று விட்டுவிட்டார்.

வாசலில் வேன் வந்து நின்றது. அந்தப் பாசியில் வளர்ந்த நாற்றுக்குச் சொல்லிவைத்திருந்த மொரப்பூர்ச் சென்னப்பன். முதல் நடவு வாடல் நோயில் போய், அதே நிலத்தை மறுபடி உழுது வைத்திருக்கிறான்.

"ஏத்தட்டுங்களாக்கா? ஈரம் காயறதுக்குள்ள நட்டுடணும்."

குள்ளம்மாள் ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தார். இலை ஓரங்களில் நூலிழைபோலப் பழுப்பு. இரண்டு நாளாக அதை வெயில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். சென்னப்பன் கண்ணுக்கு அது படாது. நட்டுப் பத்து நாள் போனால் படும்.

"இத எடுக்காத, சென்னப்பா. உப்பு ஏறிப்போச்சி. எந் நாக்குக்கு ஒண்ணும் தெரியல."

"அப்ப மாமா பாடு திண்டாட்டந்தான்னு சொல்லுங்க" என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவன் முகம் விழுந்தது. இப்போது போய் அரூரில் கேட்டாலும் முன்கூட்டிச் சொல்லிவைக்காமல் எவன் தருவான் என்று முனகியபடி, வேன் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

குள்ளம்மாள் வலைக்குடிலின் கோடிக்குப் போனார். காய்ச்சலுக்கு முன்பே கலந்துவைத்த கலவையில், தன் அரை ஏக்கருக்கென்று வளர்த்த நாற்பது தட்டுகள் அங்கே தளதளவென்று நின்றன.

"இதக் கொண்டு போ."

"அப்ப உங்க கொல்லைக்குங்கக்கா?"

"இந்தத் தடவ அது சும்மா கெடக்கட்டும்."

மாது வெளியே வந்தார். எந்தத் தட்டுகள் போகின்றன என்று பார்த்தார். தாமும் இரண்டிரண்டாகத் தூக்கிக் கொடுத்தார்.

வேன் முக்கு திரும்பி மறைந்தது. குள்ளம்மாள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார். சாத்திய கையை எடுக்காமல், நெற்றியைக் கதவில் வைத்து அப்படியே நின்றார்.