கரண்ட் பில் குறைந்ததற்குக் கேடயம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என் பெயரில் ஒரு கம்பெனி இருந்தது. உரிமையாளர் நான்தான். ஆனால் அந்த ஷெட்டுக்குள் இருந்த உலையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பெண்கள் பெயரில் தொழில் இருந்தால் வட்டியில் சலுகை உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் உடனே என்னை முதலாளி ஆக்கிவிட்டு, தன் சொந்தக் கம்பெனியில் தானே மேனேஜர் ஆகிவிட்டார். நான் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது அடுப்பங்கரை வாசலில் நின்று பேனாவை நீட்டுவார். கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். என் நிர்வாகம் அவ்வளவுதான்.

டிராக்டருக்கும் லாரிக்கும் போகிற இரும்புப் பின்களையும் ஷாஃப்டுகளையும் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, கெட்டியாக்கித் தருவது எங்கள் வேலை. பெரிய கம்பெனிகள் சாமானை அனுப்பும், நாங்கள் காய்ச்சித் திருப்பி அனுப்புவோம். உலை ஃபர்னஸ் ஆயிலில் எரிந்தது. அது கக்கிய புகையில் அக்கம்பக்கத்து ஷெட்காரர்கள் வெள்ளைச் சட்டை போடுவதையே விட்டுவிட்டார்கள். புகையைக் குறைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

சிறுதொழில்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு வளர்ச்சி வங்கி, இப்படிப் புகைவிடுகிறவர்கள் மின்சார உலைக்கு மாறுவதற்கென்றே தனியாக ஒரு பசுமைக் கடன் வைத்திருந்தது. அதற்கு ஜாமீனாக என் வீட்டைக் கேட்டார்கள். என் வீடு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்த என் வாப்பா, என் கல்யாணத்தின்போது பொன்னேரியில் எனக்கு வாங்கிக் கொடுத்த வீடு அது. கம்பெனி காகிதத்தில் மட்டும் என்னுடையது. வீடு அப்படி இல்லை. அது நிஜமாகவே என்னுடையது.

அம்மா கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். "வட்டிக்கா வாங்கப் போறீங்க? நம்ம ஊட்ல யாருனா வட்டி கட்டிக்கினு இருந்தாங்களா?" என்று கேட்டார்.

"இது வட்டிக்கடை இல்ல மாமி, டெவலப்மென்ட் பேங்கு" என்றார் என் கணவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! வட்டிக்கடைக்காரராவது அடகு வைத்த நகையை எடுத்துக்கொண்டு நம்மை விட்டுவிடுவார் என்பது அப்போது எனக்கும் தோன்றவில்லை. பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன்.

கடன் அதிகாரி மோசமானவர் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். மோசமானவராக இருந்திருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மரியாதையாகப் பேசுவார், டீ கொடுத்தால் தம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைப்பார். அவர் சொன்னபடியே பழைய எண்ணெய் உலையை உடைத்து எடைக்குப் போட்டோம். பசுமைக் கடன் வாங்கினால் பழையதை வைத்துக்கொள்ளக் கூடாதாம். புது மின்சார உலை வந்தது. சில மாதங்கள் நன்றாகத்தான் ஓடியது. பக்கத்து ஷெட்காரர் எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

இரண்டாயிரத்து எட்டில் மின்வெட்டு ஆரம்பித்தது. காலையில் போகும், மத்தியானம் போகும், வந்துவிட்டது என்று உலையைப் போட்டால் சூடேறுவதற்குள் மறுபடி போகும். சாமான் பாதி காய்ந்த நிலையில் கரண்ட் போனால் அந்த லோடே வீண். திரும்பக் காய்ச்சினால் மேல்பக்கம் கெட்டுவிடும். கம்பெனிக்காரர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, வந்த லாரியிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தார் என் கணவர். அது பழைய உலையைவிட அதிகமாகப் புகைந்தது. பக்கத்து ஷெட்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். புகையில்லாத் திட்டத்தில் டீசல் ஜெனரேட்டருக்குப் பணம் தர இடமில்லை என்று வங்கியும் சொல்லிவிட்டது. டீசல் விலைக்கு எங்களுக்கும் கட்டுப்படியாகவில்லை, திருப்பி அனுப்பினோம்.

தவணை நின்றது. தொடர்ந்து நின்றால் வீடு ஏலத்துக்குப் போகும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. என் கணவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் என்னிடம் காட்டவில்லை. துவைக்கப் போட்ட சட்டையில்தான் பார்த்தேன். ஒரு வருடம் அவகாசம் கேட்டு மனு எழுதி, முதலாளியாக நான் கையெழுத்துப் போட்டேன். நேரில் பார்த்து அறிக்கை எழுத அதே அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். நமக்குத் தெரிந்தவர்தானே என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நானும் ஷெட்டுக்குப் போய் நின்றேன்.

அன்றும் கரண்ட் இல்லை. வேலையாட்கள் மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி மின்கட்டண ரசீதுகளை வாங்கிப் பார்த்தார், கால்குலேட்டரைத் தட்டினார், முகம் மலர்ந்தது.

"மேடம், திட்டத்துல போட்ட கரண்ட்ல பாதிகூட நீங்க செலவு பண்ணல! ரொம்ப பிரமாதம்!"

"கரண்ட்டே வர்லியே சார், எங்கருந்து செலவு பண்றது?" என்றார் என் கணவர்.

"அது ஊர் முழுக்க இருக்கிற பிரச்சனை சார். மீட்டர்ல என்ன இருக்கோ அதைத்தான் நான் எழுத முடியும்." வெளியே போய், சாமானை எண்ணெயில் முக்கும்போது எழும் புகைக்காக வைத்திருந்த புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். துளி புகை இல்லை. எப்படி இருக்கும்? ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தபால் வந்தது. அவகாசத்தைப் பற்றியதாக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். மின்சாரத்தைச் சிறப்பாகச் சேமித்த சிறுதொழில் என்று எங்களுக்குப் பாராட்டாம். சென்னையில் விழா, உரிமையாளர் நேரில் வந்து கேடயம் வாங்க வேண்டும். நான் போக மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன். "போய் வாங்கிக்கினு வந்துடு. பெரிய ஆபீசருங்கல்லாம் வருவாங்கோ. நம்ம மூஞ்சி பதிஞ்சா டைம் குடுப்பாங்கோ" என்று என் கணவர் கெஞ்சினார். சரி, வீட்டுக்காகப் போகலாம் என்று போனேன்.

ஏசி போட்ட மண்டபம். வாசலிலேயே ஒரு பெண் என் கையில் பேச்சை எழுதிக் கொடுத்துவிட்டார். மேடையில் மைக்கைப் பிடித்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் பொங்கியது. காகிதத்தை மடித்துவிட்டு, "எங்க கரண்ட் பில் குறைஞ்சதுக்குக் காரணம், கரண்ட் இல்லாததுதாங்க. உலை ஓடல, அதனால புகையும் இல்ல. கடனைக் கட்ட எங்களுக்கு டைம் வேணும்" என்றேன். மண்டபமே சிரித்தது, அப்புறம் கைதட்டியது. தலைமை தாங்கிய பெரியவர், "மேடத்துக்கு நல்ல நகைச்சுவை உணர்வு" என்று சொல்லிக் கேடயத்தைக் கொடுத்தார். என்னால் அழவும் முடியவில்லை. சிற்றுண்டிக்குக் கூப்பிட்டார்கள், சாப்பிடாமல் ரயிலேறிவிட்டேன்.

அவகாச மனுவுக்குப் பதில் பிறகு வந்தது. திட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சேமித்திருப்பதால், தவணை கட்டும் சக்தி கூடியிருக்கிறது, அவகாசம் தேவைப்படாது. படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்.

என் கணவரிடம் அதற்கும் ஒரு திட்டம் இருந்தது. "ஊட்டு மேலயே வேற எடத்துல இன்னும் கொஞ்சம் வாங்கி, சொந்தமா ஜெனரேட்டர் போட்டுடலாம்."

"இன்னா மச்சான் பேசுறீங்க? போனது பத்தலியா?"

தொழிற்பேட்டையிலேயே, சொந்தமாகப் பெரிய ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கம்பெனி எங்கள் உலையைக் கடனோடு சேர்த்து எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. வீட்டுப் பத்திரம் திரும்பி வந்துவிடும். என் கணவர் காதிலேயே வாங்கவில்லை. "அது என் கம்பெனி. நா வளத்தது" என்றார். பொய் இல்லை. மழையில் ஒழுகிய அந்த ஷெட்டில் தார்ப்பாய் கட்டிப் படுத்தவர் அவர். எனக்கும் தெரியும்.

அவர் சாமான் கேட்டு அம்பத்தூருக்குப் போயிருந்த ஒரு நாள், நான் தனியாக வங்கிக்குப் போனேன். உலையைக் கைமாற்றித் தரச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தேன்.

அதிகாரி தயங்கினார். "சாரைக் கேட்டீங்களா மேடம்?"

"ஓனர் யாரு சார்?"

ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். "நீங்கதான்" என்றார்.

"அப்ப எங்க போடணும்னு சொல்லுங்க" என்று பேனாவை வாங்கினேன்.

விஷயம் தெரிந்ததும் என் கணவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ" என்று மட்டும் சொன்னார். உலையோடு அவரையும் சூப்பர்வைசராக எடுத்துக்கொண்டது அந்தக் கம்பெனி. தான் வாங்கிய உலைக்குப் பக்கத்தில் இன்னொருவர் சம்பளத்துக்கு நின்றார். நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துப்போவார், காலி டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து வைப்பார், என்னோடு பேச மாட்டார். ஆனால் செய்தது தப்பு என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை.

பத்திரம் வந்து சில வாரங்கள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் பேசினார்.

"ஊட்டுப் பத்திரத்த எங்க வெச்சிருக்க?"

"எதுக்குக் கேக்குறீங்க மச்சான்?"

"பீரோல வெச்சிருந்தா எடுத்துடு. எனக்குத் தெரியாத எடமா பாத்து வெய்யி" என்றார். "கேட்டா குடுக்காத. நா மறுபடியும் கேப்பேன்."