மணமில்லாத எண்ணெய்

செத்துப் போன பிறகும் மனுஷன் குறை சொல்வதை நிறுத்தவில்லை. உயிரோடு இருந்தவரை முகத்துக்கு நேராகச் சொன்னார். இப்போது அக்காள் மூலமாகச் சொல்லி அனுப்புகிறார். பெண்டாட்டி சோனுனுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

சேதி கொண்டுவந்தவள் ஜுமாதிலின் அக்கா கலிபா. நரின் ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து முட்டிவலியோடு நடந்து வந்து, நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, பால் ஊற்றிய தேநீரை இரண்டு கிண்ணம் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஜுமாதில் கனவுல வந்தான்."

"நல்லா இருக்காரா அக்கா?"

"எங்க நல்லா இருக்கான்? வாசப்படியிலேயே நிக்கிறான். உள்ள வாடான்னா வரமாட்டேங்கிறான். மூஞ்சி இத்துனூண்டா போச்சு. 'அக்கா, எனக்கு ஒண்ணும் வந்து சேரலை, பசிக்குது'ங்கிறான்."

சோனுன் தேநீர்ப் பாத்திரத்தை டக்கென்று கீழே வைத்தாள். வந்து சேரவில்லையாமே! செத்தவர்களுக்கு வாயா இருக்கிறது, வயிறா இருக்கிறது? எண்ணெய் காயும் வாசம்தான் அவர்களுக்குச் சாப்பாடு. வியாழக்கிழமை சாயங்காலம் மாவுத் துண்டுகளைப் பொரித்து வாசம் எழுப்பி, இரண்டு வரி ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டால் அது போய்ச் சேர்ந்துவிடும். அவர் போனதிலிருந்து ஒரு வியாழன் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பொரித்தாள். போதாததற்கு வருஷம் நிறைந்த அன்று ஒரு குதிரையையே அறுத்து ஊருக்குச் சாப்பாடு போட்டாயிற்று. இன்னும் பசிக்கிறதாம்.

"ஒவ்வொரு வாரமும் பொரிக்கிறேன் அக்கா. கீழ் வீட்டு அசான்பெக்கைக் கேட்டுப் பாருங்க. அவன்தான் பாதியைத் தின்னுட்டுப் போறான்."

"எதுல பொரிக்கிறே?"

"எண்ணெயிலதான். தண்ணியிலயா பொரிப்பாங்க?"

"அந்த பாட்டிலைக் கொண்டா."

சூரியகாந்திப் பூப் படம் போட்ட பாட்டிலைக் கலிபா கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகத்தில் ஒரு வெற்றி வந்து உட்கார்ந்தது.

"சுத்திகரிக்கப்பட்டது. மணமற்றது. கேட்டியா? மண-மற்-றது! வாசமே இல்லாத எண்ணெயைக் காய்ச்சி வாசம் எழுப்புறியே, அடி சோனுன், அவன் எதைச் சாப்பிடுவான்?"

பாட்டிலிலேயே அச்சடித்து ஒட்டியிருக்கிறது. சோனுன் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் மனுஷனுக்குக் காலித் தட்டை நீட்டியிருக்கிறோமே என்று நெஞ்சு ஒரு பக்கம் திடுக்கென்றது. இன்னொரு பக்கம், அதைவிடப் பெரிய எரிச்சல்.

எரிச்சல் இதுதான்: பசித்தால் பெண்டாட்டியிடம் அல்லவா வந்து கேட்க வேண்டும்? அக்காளின் கனவில் வருகிறார். அசான்பெக்கின் கனவில் ஒரு தடவை வந்து, படிக்கட்டு விளக்கை ஏன் இன்னும் மாற்றவில்லை என்று கேட்டிருக்கிறார். மகன் மாஸ்கோவில் தங்குவதற்குப் பதிவுத் தாள் வாங்க நாயாய் அலைகிறான், இவர் ஒரு தாளும் இல்லாமல் அங்கே அவன் கனவில் போய் நின்று, இங்கே ஐஸ்கிரீம் அந்தக் காலத்து மாதிரி இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவளின் கனவில் மட்டும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தலையைக் காட்டவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சோனுன் யாரிடமும் சொல்லவில்லை.

"அந்தக் காலத்துப் பருத்திக்கொட்டை எண்ணெயில பொரி," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்தாள் கலிபா. "கறுப்பா வருமே, அது. அவனுக்கு அதுதான் இறங்கும். உயிரோட இருக்கும்போதே எத்தனை தடவை சொன்னான்? நீதான் காதுல வாங்கலை."

காதில் வாங்காமலா? வாங்கி வாங்கிக் காதே தேய்ந்து போயிற்று.

தோலோன் கணவாயில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர் ஜுமாதில். வாரக்கணக்கில் மலையில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வருவார், தாடியெல்லாம் டீசல் நாற்றத்தோடு. உட்கார்ந்து ஒரு வாய் வைத்ததும் ஆரம்பித்துவிடுவார். மாஸ்கோ ஆண்ட பெரிய நாடு உடைந்த பிறகு அவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. ரொட்டியில் ருசி இல்லை. சாசேஜில் கறி இல்லை. யானைப் படம் போட்ட மஞ்சள் பொட்டலத்தில் வந்த தேயிலை மாதிரி ஒரு தேயிலை இனி உலகத்தில் முளைக்கப் போவதில்லை. பால் என்றால் முக்கோணக் காகிதப் பையில் வந்தது பால், இப்போது வருவது சுண்ணாம்புத் தண்ணீர். சினிமாக் கொட்டகை வாசலில் நின்ற சோடா மிஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கண்ணில் தண்ணீரே வந்துவிடும்.

அந்த மிஷினை சோனுனுக்கும் தெரியும். ஊருக்கெல்லாம் ஒரே கண்ணாடித் தம்ளர். காசநோய்க்காரனும் அதில்தான் குடித்தான், கல்யாணப் பெண்ணும் அதில்தான் குடித்தாள். முக்கோணப் பால் பையும் தெரியும். ஒரு மூலையாவது ஒழுகாத பையை அவள் கண்ணால் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாவாடை, காலுறை, பூட்ஸ் எல்லாம் பால் குடித்திருக்கும். சாசேஜ் வேண்டுமென்றால் தலைநகருக்குப் பஸ் ஏற வேண்டும். வாந்தி எடுத்துக்கொண்டே கணவாயைத் தாண்டிப் போய், விடிவதற்கு முன்னால் வரிசையில் நின்று, முன்னால் நின்ற பெண்ணோடு மயிரைப் பிடித்துக்கொண்டு, வாங்கி வந்தது யார்? ருசி அவருக்கு, வரிசை இவளுக்கு. நினைத்துப் பார்க்கும்போது அவர் தட்டிலிருந்து ஆரம்பிக்கிறார், இவள் பஸ் நிலையத்திலிருந்து ஆரம்பிக்கிறாள். பிறகு எப்படி ஒத்துப்போகும்?

இதிலே இன்னொரு வேடிக்கை உண்டு. அந்தக் காலம் நடந்துகொண்டிருந்தபோது மனுஷன் அதையும் மெச்சவில்லை. அப்போதெல்லாம், கூட்டுப்பண்ணையில் அம்மா சுட்ட ரொட்டி மாதிரி இல்லை, அம்மா கடைந்த வெண்ணெய் மாதிரி இல்லை என்று புலம்பினார். அதே பருத்தி எண்ணெயை, "மிஷின் எண்ணெய் மாதிரி நாறுது, மனுஷன் திம்பானா இதை?" என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். சோனுன் அதை ஞாபகப்படுத்தினால், "நான் எப்ப சொன்னேன்?" என்பார். ஒரு தடவை பொறுக்க மாட்டாமல், "நான் செத்துப் போனா என்னையாவது நல்லா இருந்தேன்னு சொல்லுவீங்க" என்று கத்திவிட்டாள். ஜுமாதில் யோசித்துப் பார்த்து, "அதுக்கு நீ முதல்ல சாகணுமே" என்றார். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். எரிச்சலுக்கு நடுவே இப்படியும் சில நாட்கள் இருந்தன என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

சரி, எண்ணெய் தேட வேண்டும். சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். மக்காச்சோள எண்ணெய் இருக்கிறது, ஆலிவ் எண்ணெய்கூட இருக்கிறது. பருத்தி எண்ணெய் என்று ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள், பார்த்தால் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. சோனுன் மூடியைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது நாறலையே?"

"நாறாதுக்கா. நல்ல சரக்கு."

"எனக்கு நாறணும்."

கடைக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க்கா, அவனவன் மிஷின் வச்சு நாத்தத்தை எடுக்கிறான். உங்களுக்காக மறுபடி உள்ள போட்டுத் தரணுமா?"

"செத்துப்போன மனுஷனுக்கு வேணும்."

கடைக்காரியின் கேலி அப்படியே நின்றது. அவளும் இந்த ஊர்க்காரிதானே. "அப்படிச் சொல்லுங்க," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். ஜலாலாபாத்திலிருந்து வேன் ஓட்டி வரும் தன் மச்சானுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்துக் கிராமத்துச் செக்கில் ஆட்டிய எண்ணெய், வடிகட்டக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாது, எவ்வளவு நாறுகிறதோ அவ்வளவு நல்லது என்று போனிலேயே கத்திச் சொன்னாள்.

அடுத்த வியாழனுக்கு முன்னால் ஒரு கேன் வந்து சேர்ந்தது. உள்ளே தார் மாதிரி ஒரு வஸ்து. சோனுன் மூடியைத் திறந்ததும், நர்சரிப் பள்ளிச் சமையல்கட்டில் அவள் வெந்து கிடந்த இருபது வருஷமும் ஒரேயடியாக முகத்தில் அறைந்தது. சனியன், என்று மூடிவிட்டாள்.

அந்த எண்ணெயை அப்படியே பொரிக்க முடியாது. புகை கிளம்பும்வரை காய்ச்ச வேண்டும். ஒரு முழு வெங்காயத்தைப் போட்டு, அது கரியாகும்வரை விட்டு, எடுத்து எறிய வேண்டும். கொஞ்சம் உப்பு. அப்போதுதான் கசப்பு போகும். கையே எல்லாவற்றையும் செய்தது. புகை கூரையைத் தொட்டது, திரைச்சீலைக்குள் புகுந்தது, ஜன்னல் வழியே வெளியே போய் மாடிப்படியில் இறங்கியது. சோனுன் தலைத்துணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருமினாள். வந்திருந்த கலிபாவும் இருமினாள், ஆனால் பக்தியோடு இருமினாள்.

கதவு தட்டப்பட்டது. தீப்பிடித்துவிட்டதென்று யாரோ வந்திருக்கிறார்கள் என்று திறந்தால், அசான்பெக். ஐம்பதைத் தொட்ட, தொப்பை வைத்த, வரி அலுவலகத்தில் உட்காரும் மனிதன், வீட்டுச் செருப்போடு நின்று மூக்கை உறிஞ்சுகிறான்.

"அக்கா, எங்க அம்மா வாசம்," என்றான். "அடுக்களையில நிக்கிற மாதிரியே இருக்கு. அப்பல்லாம் எவ்வளவு நல்லா இருந்துச்சு! நர்சரியில நீங்க காய்ச்சுற ரவைக் கஞ்சி! அது மாதிரி இனிமே எவன் தருவான்?"

"அந்தக் கஞ்சியை நீ பூத்தொட்டியில துப்புவே. அந்தச் செடியே செத்துப் போச்சு."

"நானா? சேச்சே!"

பின்னாலேயே இன்னும் மூன்று நான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். கலிபா ஓதினாள். கையை முகத்தில் தடவிக்கொண்டார்கள். பிறகு தட்டைச் சுற்றி ஒரே புகழ்ச்சி. அப்படியே இருக்கிறது, துளி மாறவில்லை, கடவுளே, இதுவல்லவா சாப்பாடு என்று கறுத்துப் போன மாவுத் துண்டுகளை அள்ளி அள்ளித் தின்றார்கள். சோனுன் ஒன்றைக் கடித்தாள். அப்போது எவ்வளவு மோசமாக இருந்ததோ அவ்வளவே மோசமாக இருந்தது. இந்தப் பைத்தியங்களோடு யார் மல்லுக்கட்டுவது? அவருக்குப் போய்ச் சேர்ந்தால் சரி.

போய்ச் சேர்ந்துவிட்டது. சில நாட்களில் கலிபா மறுபடி நாலு மாடி ஏறி வந்தாள். இந்தத் தடவை மூச்சு வாங்கியதாகவே தெரியவில்லை, தேநீருக்கும் காத்திருக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"வந்தான்! உள்ள வந்து உட்கார்ந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். நல்லாச் சாப்பிட்டான், மீசையைத் துடைச்சுக்கிட்டான். 'நெறைஞ்சு போச்சு அக்கா, எனக்கு ஒரு குறையும் இல்லை. இனிமே வரமாட்டேன், எனக்காக அலையாதீங்க'ன்னான். எந்திரிச்சுப் போயிட்டான். திரும்பிக்கூடப் பார்க்கலை, அவ்வளவு நிம்மதியாப் போனான். உனக்குப் புண்ணியமாப் போகும் சோனுன். உன் கடமை முடிஞ்சுது."

சோனுன் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"உன்னைப் பத்தியா?" கலிபா யோசித்தாள். நல்லவள், பொய் சொல்லத் தெரியாதவள். "இல்லையே. கேக்கலையே."

"இனிமே வரவே மாட்டேன்னாரா?"

"வரமாட்டேன்னுதான் சொன்னான். நெறைஞ்சு போச்சாமே, இனி எதுக்கு வரணும்?"

கலிபா போன பிறகு சோனுன் துடைத்த கிண்ணத்தையே மறுபடி துடைத்தாள். வாழ்நாள் முழுக்க ஒரு நாளாவது நிறைந்தது என்று சொல்ல மாட்டாரா என்று ஏங்கிய வார்த்தை. அதையும் அக்காளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். குறை தீர்ந்தால் மனுஷன் போயே போய்விடுவார் என்பது அவளுக்கு அதுவரை தோன்றவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்த அழுகையை அவள் அடக்கவும் இல்லை. அவர் இல்லாமல் வீடு வீடாக இல்லை. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வந்தது. சாயங்கால வெயில் சமையல்கட்டில் விழுந்தபோது சோனுன் மாவு பிசைந்தாள், தேய்த்தாள், சதுரம் சதுரமாக வெட்டினாள். கறுப்பு எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு போய் அசான்பெக் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அலமாரியிலிருந்து சூரியகாந்திப் பூ போட்ட பாட்டிலை எடுத்து, அதன்மேல் எழுதியிருந்ததை ஒரு தடவை நிதானமாக வாசித்தாள். சட்டி நிறைய ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

எண்ணெய் காய்ந்தது. மாவுத் துண்டுகள் பொன்னாக உப்பி மேலே வந்தன. குனிந்து முகர்ந்து பார்த்தாள். ஒரு வாசமும் இல்லை.

"இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் கிடையாது," என்றாள் ஜன்னலைப் பார்த்து, சத்தமாகவே. "அடுத்த வாரமும் கிடையாது. பசிச்சா அக்கா வீட்டுக்குப் போகாதீங்க. இங்க வந்து என்னைக் கேளுங்க."

சொல்லிவிட்டு அடுத்த துண்டை எண்ணெயில் போட்டாள்.