அலுமாரிக்குள் பலெர்மோ

வழவழப்பான பெரிய தாளொன்றை யாராவது விரிக்கும் சத்தம் கேட்டால் இப்போதும் என் கண் வாசலுக்குப் போகும். சரசரவென்று மடிப்பு மடிப்பாகத் திறக்கும் சத்தம். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், வீடுகள் துடைத்துப் பிழைத்த என் அக்கா பயணச்சீட்டு அனுப்பி என்னைக் கூப்பிட்டிருந்தாள். ஆறு கிழமை, ஒன்றரை மாதம்போல, நின்றேன். எங்கள் ஊரைப்போலவே அங்கேயும் கடல், அங்கேயும் துறைமுகம், அதைக் காவல் காப்பதுபோல ஒரு மலை. ஆனால் வானத்தில் ஏதாவது இரைந்தால் அங்கே ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. எனக்கு அதுவே பெரிய அதிசயம்.

அக்கா நகர வரைபடம் ஒன்றை வாங்கி, பார்க்கவேண்டிய இடங்களுக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் தந்தாள். அவள் வேலைக்குப் போனதும் நான் நடப்பேன். பார்த்து முடித்த வட்டத்தின்மேல் குறுக்குக் கோடு போடுவேன். எந்த வாசலால் உள்ளே போகலாம், எத்தனை மணிக்குத் திறக்கும், காவலாளி எப்போது சாப்பிடப் போவான், எல்லாவற்றையும் ஓரத்தில் தமிழில் எழுதினேன்.

அரபிகள் ஆண்ட ஊர் அது. வடக்கேயிருந்து வந்த கிறிஸ்தவர்களான நோர்மன் அரசர்கள் அதைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் அரபித் தச்சரைக்கொண்டே தங்கள் அரண்மனைக் கோயிலுக்குக் கூரை செய்வித்தார்கள். சுவரில் பொன் பதிக்கக் கிரேக்கரைக் கூப்பிட்டார்கள். அதற்குள் கழுத்து வலிக்க வலிக்க நின்றேன். பொன்னொளி மெல்ல இறங்கி என் சேட்டில், என் கையில், என் நகத்தில் படிந்தது. வெளியே வந்தால் சந்தை. குங்குமப்பூச் சோற்றை உருட்டி, நடுவில் இறைச்சி வைத்து, எண்ணெயில் பொரித்துச் சுடச்சுடக் கையில் தருவார்கள். வெளிநாட்டுச் சட்டை போட்ட எங்கட சோறுதான் இது என்று அக்கா சிரிப்பாள்.

அன்புவழிபுரத்து வீட்டுக்குத் திரும்பிவந்து பெட்டியைத் திறந்த அன்றே, வரைபடத்தை எரித்துவிடும்படி மனைவி சொன்னாள். இராணுவச் சோதனைக்குப் பயந்து, கலண்டரில் கடற்கரைப் படம் இருந்தால்கூடக் கிழித்து அடுப்பில் வைத்த காலம். ஓம் என்றேன். பிறகு அலுமாரியில் அவளுடைய சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். எங்கள் துறைமுகமா இது, எங்கேயோ கிடக்கிற ஊர்தானே என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் இராணுவச் சுற்றிவளைப்பு. காலை வெயில் ஏறும் நேரம். ஒரு சிப்பாயின் கை சேலைகளுக்கு அடியில் போனது. சரசரவென்று தாள் விரிந்தது. நீலக் கடல், வளைந்த துறைமுகம், சிவப்பு வட்டங்கள், வெட்டுக் குறிகள், தமிழில் நேரங்கள். அவன் என்னைப் பார்த்தான். மனைவி குசினி வாசலில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

என்னைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள்; மனைவியும் பின்னால் வந்தாள். அங்கே வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஓர் அதிகாரி இருந்தார். பள்ளிக்கூட வாசல் படலையடியில் ஒரு வாகனம் நின்றது. அதில் ஏற்றப்பட்டவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு என்பது எங்கள் ஊருக்குத் தெரியும். அதிகாரிக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு முஸ்லிம் மனிதர் நின்றார். மூதூர்க்காரர்; துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. சிங்களம் நன்றாகத் தெரியும் என்பதால் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். வயதில் மூத்த முஸ்லிம்களை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

எந்தத் துறைமுகம் இது, காவலாளி சாப்பிடப் போகும் நேரம் உனக்கு எதற்கு என்று கேட்டார்கள். காவலாளி நின்றால் அந்தக் கூரையின் கீழ் அதிகநேரம் நிற்க விடமாட்டான், அவன் போனால் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றேன்.

“இத இப்பிடியே சொல்லவா?” என்றார் மூதூர்க்காரர், தலை நிமிராமல்.

“அதுதான் காக்கா உண்மை.”

“உண்மை சரி. கேக்கிறவருக்கு விளங்கணுமே.”

நான் சொன்னதைவிட நீளமாக ஏதோ சிங்களத்தில் சொன்னார். அதிகாரியின் விரல் அடுத்த வட்டத்துக்குப் போனது. பெரிய கிறிஸ்தவக் கோயில், வாசல் தூணொன்றில் குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கிறது என்றேன். மொழிபெயர்க்க வேண்டியவர் அதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கோயில் வாசல்லயா? இன்னும் இருக்கா?”

“ஓம். ஆரும் கொத்தி எடுக்கேல்ல. தொட்டுப் பாத்தனான்.”

அதிகாரி மேசையில் ஓங்கித் தட்டினார். இருவரும் என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கவேண்டும். இப்போது மூதூர்க்காரரின் முகத்திலும் பயம் ஏறியதைக் கண்டேன். என்னால் இவரும் வாகனத்தில் ஏறப்போகிறார் என்று நினைத்தேன். கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னேன். பொன் சுவர், அரபிக் கூரை, சோற்றுருண்டை என்று ஆறு கிழமைச் சந்தோசமும் வாக்குமூலமாக வாயிலிருந்து கொட்டியது. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் எனக்கே குற்றம்போலக் கேட்டது.

மனைவி ஓடிப்போய்க் கடவுச்சீட்டை எடுத்து வந்தாள். அதிலிருந்த முத்திரைகளை அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். உச்சி வெயில்வரை நிறுத்தி வைத்தார்கள். வாகனம் உறுமி, நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் போ என்று அதிகாரியின் கை அசைந்தது. வரைபடம் அவருடைய கோப்புக்குள் போய்விட்டது.

மூதூர்க்காரர் படலைவரை கூட வந்தார். அப்பால் மனைவி காத்து நின்றாள். அந்த நீளமான சிங்களத்தில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் பின்னால் திரும்பி மேசையை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

“அத விடுங்க தம்பி. இனி எங்க போனாலும் வடிவாப் பாத்திட்டு வாங்க, எழுதிக்கொண்டு மட்டும் வராதீங்க. எல்லா நாளும் நான் இங்க நிக்க மாட்டன்.”