எழுத்து தெரியுதா?

கெடார் பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பையில் பூதக்கண்ணாடி, பஞ்சு, வெள்ளைக் கையுறை. முந்நூறு வருஷமாவது இருக்கும் என்று நானே முடிவு கட்டிய செப்புக் காசைத் தொட வந்திருக்கும் மகான், வெறுங்கையோடு வரலாமா? திண்டிவனத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, இரண்டிலும் நின்றுகொண்டே வந்திருக்கிறேன்.

மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை வெட்டும்போது அந்தக் காசைக் கண்டெடுத்த அக்கா வருகிறார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்டுகிறார். புதுச் சொம்பு மாதிரி பளபளக்கிறது. போன வாரம் அவர் போனில் அனுப்பிய படத்தில் பச்சைக் களிம்பு பிடித்து அழகாக இருந்த அதே காசு.

"என்னக்கா பண்ணீங்க?"

"புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேச்சேங்க. நாலு நாளா இதே வேலதான்."

களிம்புதான் காசுக்குக் கவசம், அதைத் தொடவே கூடாது என்று ஆரம்பிக்கிறேன். டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவுக்குப் பேசுகிறேன். அக்கா பொறுமையாக என்னை முடிக்க விடுகிறார்.

"நீங்கதான சார் போன்ல கேட்டீங்க, எழுத்து எதனா தெரியுதான்னு? தெரியல, தேச்சேன். அப்பவும் தெரியல. அம்மாந்தூரத்துலேர்ந்து வர்றாரேன்னு இன்னும் அழுத்தித் தேச்சிக்கினே இருந்தேன்."

கையுறையை மாட்டிக்கொண்டு காசைத் திருப்புகிறேன். எந்தப் பக்கமும் எழுத்தும் இல்லை, உருவமும் இல்லை.

"எழுத்துதான் இல்லீங்க. ஆனா நல்லாப் பாருங்க, மொகமே தெரியுது" என்கிறார் ஆறுதலாக.

பார்க்கிறேன். பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை. என் முகம்தான்.